பெயருக்கு முன்னால் ஒரு சொல்

2024 நவம்பர் 9, சனி

அச்சகத்துக்காரர் இன்று மூன்றாவது முறையாகக் கேட்டுவிட்டார். பத்திரிகையில் பெண்ணின் அப்பா பெயருக்கு முன்னால் என்ன போடுவது? ‘திரு’வா, ‘தெய்வத்திரு’வா? மற்றதெல்லாம் தயாராம். இந்த ஒரு சொல்லுக்காக வேலை நிற்கிறதாம்.

ஏழுமலை. அதுதான் பெயர். வடக்கே நிலக்கரிச் சுரங்கத்துக்குக் கூலி வேலைக்குப் போன ஆள். அம்மாவும் நானும் அங்கே அவரோடுதான் இருந்தோம். 2001இல், எனக்கு மூன்று வயது நடக்கும்போது, அம்மா என்னை மட்டும் தூக்கிக்கொண்டு தியாகதுருகம் பக்கத்து ஊருக்குத் திரும்பினாள். அவர் வரவில்லை. வேலையாக எங்கோ போனார், சேதியில்லை என்று அம்மா சொன்னாள். மீதியை ஊரே சொல்லிக்கொண்டது: வடக்கத்திக்காரி ஒருத்தியோடு குடித்தனம் நடத்துகிறான். பள்ளிக்கூடத்தில் என்னைச் சீண்டுவதற்கு அது பன்னிரண்டு வருடம் போதுமானதாக இருந்தது.

தணிகாசலம் மாமா ‘திரு’ போடச் சொல்கிறார். செத்ததை யார் கண்டது என்கிறார். நான் பெயரையே எடுத்துவிடச் சொன்னேன். அஞ்சலை மகள் வெண்ணிலா, போதும். தயாளனுக்கு எதுவானாலும் சரி. எதற்கும் குதிக்காதவன் என்பதால்தான் அவனைக் கட்டிக்கொள்கிறேன்.

அம்மா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

“அந்த ஊருக்கு ஒருவாட்டி போயிட்டு வந்துர்லாம் பாப்பா. அப்பறம் சொல்றன், இன்னா போடறதுன்னு.”

தனக்கென்று அம்மா ஒன்று கேட்டு நான் பார்த்ததில்லை. சரி என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் கோபம் வந்தது.

நவம்பர் 10, ஞாயிறு

விடுப்பு எழுதிக் கொடுத்தேன். ஒப்பந்தச் செவிலியருக்குக் கல்யாண விடுப்பும் இல்லை, துக்க விடுப்பும் இல்லை. வராத நாளுக்குச் சம்பளம் இல்லை, அவ்வளவுதான்.

எங்கள் ஆஸ்பத்திரி வாசலில் கொரோனாவில் இறந்த ஊழியர்களின் பெயர்ப் பலகை ஒன்று இருக்கிறது. என்னோடு ஒரே வார்டில் நின்ற கிரிஜா அதில் இல்லை. அவள் பெயர் ஏஜென்சி பதிவேட்டில் இருந்ததாம், ஆஸ்பத்திரி பதிவேட்டில் இல்லையாம். இரண்டு மனு போட்டேன். பதில் வரவில்லை. தினமும் அந்தப் பலகையைத் தாண்டித்தான் உள்ளே போகிறேன்.

நவம்பர் 12, செவ்வாய்

ரயில். புளிச்சோறு, உருளை வறுவல். அம்மா ஜன்னலோரம். நாக்பூர் நாளைக் காலை.

அந்த ஆளின் ஒரே புகைப்படத்தைக் கைப்பையில் வைத்திருக்கிறேன். விசாரிக்கும்போது காட்டத் தேவைப்படும். வேறு காரணமில்லை.

நவம்பர் 13, புதன்

நாக்பூரிலிருந்து ஐந்து மணி நேரம் பேருந்து. சோன்காட் என்று பெயர். நடத்துநர் தவறான நிறுத்தத்தில் இறக்கப் பார்த்தார். அம்மா சட்டென்று இந்தியில் அவரைப் பிடித்துக்கொண்டாள். இலக்கணம் எப்படியோ, அவர் வாயை மூடிக்கொண்டு சரியான இடத்தில் இறக்கிவிட்டார். அம்மாவுக்கு இந்தி வரும் என்பது இருபத்தாறு வயதில் இன்றுதான் எனக்குத் தெரியும்.

இன்னும் என்னவெல்லாம் வரும் என்று கேட்டேன். “உனக்குப் பல்லு மொளச்சது இந்த ஊர்லதான்,” என்றாள்.

நவம்பர் 14, வியாழன்

ஆறு அழகாகத்தான் இருக்கிறது. ஒப்புக்கொள்கிறேன். இரண்டு பக்கமும் செம்பாறை நூறு அடிக்கு மேல் செங்குத்தாக நிற்கிறது. நடுவில் தண்ணீர் பச்சையாக, அவசரமில்லாமல் வளைந்து போகிறது. மேற்குப் பாறையில் ஆள் உயரத்துக்கு ஒரு கறுப்புப் பட்டை, வளைவு முழுக்க. அதுதான் நிலக்கரி. அந்தப் பட்டையைத் தொடர்ந்துதான் பாறைக்குள் துளைத்துக்கொண்டு போயிருக்கிறார்கள். பதினைந்து வருடம் முன் இந்தச் சுரங்கத்தை மட்டும் மூடினார்களாம். இப்போது துளைகளின் வாயைச் சிமெண்ட் வைத்து அடைத்து, மேலே மீன்கொத்தியும் பட்டாம்பூச்சியும் வரைந்திருக்கிறார்கள். ஜனம் அதன் முன் நின்று செல்ஃபி எடுக்கிறது. பட்டாம்பூச்சிக்குப் பின்னால் எத்தனை பேர் மூச்சு முட்டினார்கள் என்று எந்தப் பலகையிலும் இல்லை.

விளக்கறையைக் காட்சிக்கூடமாக்கி இருக்கிறார்கள். உள்ளே சுவர் நிறைய ஒரு மரப்பலகை, வரிசையாக ஆணிகள், ஒவ்வொன்றிலும் எண் வெட்டிய பித்தளை டோக்கன். வழிகாட்டிப் பையன் சொன்னதை அம்மா எனக்குத் தமிழில் சொன்னாள். இறங்குமுன் உன் டோக்கனை உன் எண்ணில் மாட்டிவிட்டு விளக்கை எடுத்துக்கொள்ள வேண்டும். ஏறி வந்ததும் டோக்கனைத் திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டும். ஷிப்டு முடிவில் பலகையில் எந்த டோக்கன் மிச்சமோ அந்த ஆள் உள்ளே இருக்கிறான். பையன் சொல்லாததையும் அம்மா சேர்த்துச் சொன்னாள் என்று இப்போது தோன்றுகிறது.

இருநூற்றுப் பதினான்காம் ஆணி காலி. அம்மா அதைத் தொட்டாள். தொடக்கூடாது என்று பையன் சொல்ல வாயெடுத்து, அவள் முகத்தைப் பார்த்து விட்டுவிட்டான்.

வெளியே ஒரு நினைவுக்கல். 2001 விபத்து, மூன்று பெயர்கள், இந்தியில். போனைக் காட்டிப் படித்தேன். கடைசிப் பெயர் ராம்தாஸ். ஏழுமலை இல்லை. அப்போ சாகவில்லை என்று எனக்குள் யாரோ சொன்னார்கள். நிம்மதியா எரிச்சலா என்று பிரித்துப் பார்க்க நேரமில்லை. அம்மா தலையிலிருந்த கனகாம்பரத்தைப் பிய்த்துக் கல்லடியில் வைத்தாள். முன்பின் தெரியாதவர்களுக்கு எதற்கு என்று கேட்டேன்.

அப்போதுதான் கீழே படகுத்துறையிலிருந்து டீக்கடைக்காரி கத்தினாள்.

“ஏ எலுமலே!”

இந்த நாட்டின் நடுவயிற்றில், இந்திக்கு நடுவே, எங்கள் ஊர்ப் பெயர், ஏழுமலை. ஒரு கிழவர் படகிலிருந்து கையை உயர்த்தினார்.

துறைக்கு அறுபத்திரண்டு படி. எப்படி இறங்கினேன் என்று தெரியவில்லை. கன்னத்தில் ஒன்று கொடுக்க வேண்டும் என்றுதான் இறங்கினேன். கிட்டப் போனதும் வாய் “அப்பா” என்றது. அடிப்பதற்கு முன் ஆளை உறுதி செய்துகொள்ளக் கூப்பிட்டது என்று வைத்துக்கொள்ளலாம்.

அவர் திரும்பினார். புகைப்படத்து முகம் இல்லை. காது வேறு, தாடை வேறு. அவர் என்னைப் பார்க்கவில்லை. என் முதுகுக்குப் பின்னால் மெதுவாகப் படியிறங்கி வந்துகொண்டிருந்த அம்மாவைப் பார்த்தார். துடுப்பை வைத்துவிட்டு, ஈரப் படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

அந்த ஆள்தான் ராம்தாஸ். கல்லில் இருக்கும் ராம்தாஸ்.

படியில் உட்கார்ந்து அம்மா சொன்னதை, வரிசைப்படுத்தி எழுதி வைக்கிறேன்.

ராம்தாஸ் நிரந்தரத் தொழிலாளி. டோக்கன் எண் 214. அப்பா ஒப்பந்தக் கூலி. மேலே கரி வாரும் வேலை. உள்ளே இறங்க அவருக்கு டோக்கன் கிடையாது. ராம்தாஸ் வேலைக்கு வராத நாளில் அவன் டோக்கனை மாட்டிவிட்டு அப்பா இறங்குவார். கூலி பாதிப் பாதி. அந்தச் சுரங்கத்தில் பலர் அப்படித்தான் ஓட்டினார்கள். மேஸ்திரிக்குத் தெரியும், விளக்கறை குமாஸ்தாவுக்குத் தெரியும். எல்லாருக்கும் தெரிந்த ஒன்று யாருக்குமே தெரியாமல் போக ஒரு விபத்து போதும்.

அன்று ராம்தாஸ் மாட்டுச் சந்தைக்குப் போயிருந்தான். கூரை சரிந்தது, பின்னாலேயே ஆற்றுத் தண்ணீர் புகுந்தது. யாரையும் எடுக்க முடியவில்லை. பலகையில் மூன்று டோக்கன் மிச்சம், எனவே மூன்று பெயர். ராம்தாஸ் தான் செத்த சேதியைச் சந்தையில் கேட்டான்.

உயிரோடு வந்து நின்றால் ஆள்மாறாட்டத்துக்குச் சிறை. மனைவிக்கு வாரிசு வேலை கிடைக்காது. நான்கு பிள்ளைகள். அப்பாவோ சுரங்கத்தின் எந்தப் பதிவிலும் இல்லை. அவர் இறந்தார் என்று சொல்ல, முதலில் அவர் இருந்தார் என்று காட்ட வேண்டும். உன் ஆள் ஓடிவிட்டான் என்று ஒப்பந்தக்காரன் அம்மா கையில் ரயில் டிக்கெட்டைத் திணித்தான்.

“இந்தப் படியிலதான் நின்னுக்கினு இருந்தான்,” என்றாள் அம்மா. “செத்தவனுக்கு எங்கயும் எடம் இல்ல, நான் ஆத்தோட போறேன்னு அழுவுறான். உன்ன இடுப்புல வச்சிக்கினு நான் நிக்கறன். ஒருத்தர் போனது போதும்னு இருந்திச்சி. அவரு ரேசன் கார்ட எடுத்து அவன் கையில குடுத்துட்டன். பேரு சும்மாதான கெடந்துச்சி.”

நான் கத்தினேன். சுற்றுலாக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். இருபத்து மூன்று வருடம் ஓடிப்போனவன் பெண்டாட்டி என்று பேர் வாங்கிக்கொண்டு எதற்கு வாயைக் கட்டிக்கொண்டிருந்தாய் என்று கேட்டேன். என்னை ஏன் ஓடிப்போனவன் பெண்ணாக வளர்த்தாய் என்றும் கேட்டேன்.

“செத்துட்டாருன்னு சொல்லியிருந்தா உங்க பெரியப்பன் சும்மா இருந்திருப்பானா? மறுநாளே ரயிலேறி வந்து கம்பெனி வாசல்ல நின்னுருப்பான். இவனும் ஜெயிலுக்குப் போயிருப்பான், அந்தப் பொம்பளயும் நாலு புள்ளைங்களும் தெருவுல நின்னுருக்கும்.”

பெரியப்பா போன தை மாதம்தான் இறந்தார்.

நவம்பர் 15, வெள்ளி

ராம்தாஸின் மனைவி சுக்வதி காலையில் பாத்திரங்களோடு துறைக்கு வந்தாள். மேலே குவார்ட்டர்ஸில் இருக்கிறாள். கம்பெனி மருந்தகத்தில் ஆயா வேலை. வாரிசு வேலை. வெறும் நெற்றி, வகிட்டில் குங்குமம் இல்லை, கையில் ஒரு வளையல்கூட இல்லை. அவள் வந்து நின்றதும் அம்மா தன் பொட்டு வைத்த நெற்றியைப் புடவைத் தலைப்பால் துடைப்பதுபோல் மறைத்துக்கொண்டாள். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அழுவார்கள் என்று நினைத்தேன். சுக்வதி அம்மாவின் முடியைத் தொட்டு ஏதோ சொன்னாள், இருவரும் சிரித்தார்கள். என்னவென்று கேட்டதற்கு, “நரச்சிப் போச்சாம், கெழவியாயிட்டனாம். அவ மட்டும் கொமரி,” என்றாள் அம்மா.

ராம்தாஸ் இருக்கும் குடிசை துறையிலேயே. பழைய ஆட்களுக்கு விஷயம் தெரியுமாம், யாரும் வாய் திறப்பதில்லையாம். மனைவி வீட்டுக்குள் அவர் விருந்தாளிபோலத்தான் போய்வர முடியும். நான்கு பிள்ளைகளும் வெளியில் அவரைச் சித்தப்பா என்றுதான் கூப்பிட்டு வளர்ந்திருக்கிறார்கள். மூத்தவள் கல்யாணத்தில் அவர் பந்தலில் தண்ணீர் ஊற்றினாராம்.

இதைக் கேட்டுவிட்டு அவரை எப்படி வெறுப்பது என்று தெரியவில்லை. நேற்று முழுக்க முயன்றேன்.

சோறும் பருப்பும் கத்தரிக்காய்ப் பொரியலும். எனக்கு இறங்கவில்லை. பிசைந்துகொண்டே இருந்தேன். அதுவரை என்னிடம் ஒரு வார்த்தையும் பேசாத ராம்தாஸ் குனிந்தபடி சொன்னார்:

“இன்னா பாப்பா. துன்னு. நல்லா துன்னு.”

தமிழ். அதுவும் எங்கள் தெருத் தமிழ். புத்தகத்திலோ சினிமாவிலோ பொறுக்கியது இல்லை. ஒரே ஒருவரிடமிருந்துதான் அவருக்கு அது வந்திருக்க முடியும். எத்தனை வார்த்தை தெரியும் என்று கேட்டேன். விரல் விட்டு எண்ணினார். துன்னு. போலாமா. வுடுடா. மழ வருது. இன்னா பாப்பா. எண்ணிக்கொண்டே வந்தவர் நிறுத்தி, அவன் வீட்டுக்குள் நுழையும்போது எப்போதும் அப்படித்தான் சொல்லிக்கொண்டு நுழைவான் என்று இந்தியில் சொல்ல, அம்மா அதை மொழிபெயர்க்காமல் எழுந்து தண்ணீர் எடுக்கப் போனாள். சுக்வதி சைகையில் எனக்குப் புரியவைத்தாள்.

தட்டைக் காலி செய்தேன். பருப்பில் காரம் அதிகம், கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

சாப்பிட்டு முடித்ததும் அம்மா வந்த காரியத்தை அவர்களுக்கு இந்தியிலும் எனக்குத் தமிழிலுமாகச் சொன்னாள். எனக்குக் கல்யாணம். பத்திரிகை அடிக்க வேண்டும். எங்கள் பக்கம் இறந்தவர் பெயருக்கு முன்னால் தெய்வத்திரு என்று ஒரு சொல் போடுவோம். அவருக்கு அதைப் போட வேண்டும் என்று ஆசை. ஆனால் அந்தப் பெயரில் ஒருவர் உயிரோடு இருக்கிறார்.

இதற்காகவா ஆயிரத்துச் சொச்சம் கிலோமீட்டர் என்று நான் குறுக்கே விழுந்தேன். அது அப்பா பெயர், உன் புருஷன் பெயர், இவரிடம் என்ன அனுமதி.

“உசுரோட இருக்கறவன் பேருக்கு முன்னாடி அப்படிப் போடலாமாடி? நாந்தான குடுத்தன் அந்தப் பேர. ஒரு வார்த்த கேக்க வாணாமா?”

ராம்தாஸ் எழுந்து போய்க் கையைக் கழுவிவிட்டு வந்தார். பிறகு தன்னிடம் இருந்த சொற்களைக் கூட்டி, என்னைப் பார்த்துச் சொன்னார்:

“போடு பாப்பா. பேரு அவன்து.”

சுக்வதி உள்ளே போய்ச் சாமி மாடத்திலிருந்து ஒன்றை எடுத்து வந்து அம்மா கையில் வைத்தாள். பித்தளை டோக்கன், 214. இறந்தவர் குடும்பத்துக்கு என்று கம்பெனி கொடுத்தது. வருடா வருடம் அந்த நாளில் அதன் முன் விளக்கேற்றி, ஏழுமலை என்று பெயர் சொல்லிச் சோறு வைக்கிறாளாம். கடைசியாக அவர் கைப்பட்ட பொருள் அதுதான். அம்மா அதை உள்ளங்கையில் வைத்து மூடிக்கொண்டாள். அவ்வளவு சின்ன கை அம்மாவுக்கு என்று நான் கவனித்ததில்லை.

நவம்பர் 16, சனி

காலையில் போனில் மனு அடித்தேன். மாவட்ட நிர்வாகத்துக்கு ஒன்று, கம்பெனிக்கு ஒன்று. நினைவுக்கல்லில் ஏழுமலை பெயர் வெட்டப்பட வேண்டும். ஒப்பந்தத் தொழிலாளியைப் பதிவில்லாமல் இறக்கியவர்கள் பதில் சொல்ல வேண்டும். நன்றாகவே வந்தது. கிரிஜாவுக்கு எழுதி எழுதிக் கை பழகியிருக்கிறது.

அம்மா குளித்துவிட்டு வந்து எட்டிப் பார்த்தாள். அனுப்பாதே என்று சொல்லவில்லை. தலையைத் துவட்டிக்கொண்டே, சுக்வதிக்கு ஐம்பத்தொன்று முடிகிறது, அறுபதில்தான் ஓய்வு என்றாள். கடைசிப் பெண்ணுக்கு நர்சிங் படிப்பு இன்னும் முடியவில்லை என்றாள்.

நர்சிங் என்றதைச் சேர்த்துச் சொன்னது அம்மாவின் கெட்டிக்காரத்தனம்.

மேஸ்திரி செத்துவிட்டான். ஒப்பந்தக்காரன் எங்கே என்று யாருக்கும் தெரியாது. கம்பெனி தன் துளைகளில் பட்டாம்பூச்சி வரைந்துவிட்டது. மனு போனால் பிடிபடுகிறவள் கத்தரிக்காய்ப் பொரியல் செய்து கொண்டுவந்தவள் ஒருத்திதான். எல்லாம் அப்படித்தான் அமைத்து வைத்திருக்கிறார்கள். உண்மையைச் சொன்னால் அடி நம் பக்கத்து ஆள் மேல்தான் விழும்.

அனுப்பவில்லை. அழிக்கவும் இல்லை. 2033இல் சுக்வதி ஓய்வு பெறுகிறாள். தேதி குறித்து வைத்துவிட்டேன். மறுநாளே அனுப்புவேன். எனக்கு முப்பத்தைந்து ஆகியிருக்கும். அதற்குள் கிரிஜா மனுவும் நாலைந்து ஆகியிருக்கும்.

மாலையில் ராம்தாஸ் எங்களைப் படகில் ஏற்றிக் கறுப்புப் பட்டை ஓரமாகக் கூட்டிப்போனார். ஓரிடத்தில் துடுப்பை நிறுத்தினார். சிமெண்ட் பூசிய வாய், அதன்மேல் ஒரு மயில். அம்மா தண்ணீரில் கைவிட்டு அளைந்துகொண்டிருந்தாள். இங்கேயா என்று நான் கேட்கவில்லை.

கைப்பையிலிருந்து புகைப்படத்தை எடுத்து அவரிடம் காட்டினேன். விசாரிக்கத்தானே கொண்டுவந்தேன். அவர் கையைச் சட்டையில் துடைத்துவிட்டு வாங்கினார்.

நவம்பர் 17, ஞாயிறு

ரயில். டோக்கன் அம்மாவின் சுருக்குப்பையில், பொட்டு அட்டைக்குப் பக்கத்தில்.

ஊருக்குப் போனதும் பொட்டை எடுக்கச் சொல்வார்கள், எடுத்தால் நான் சும்மா இருக்க மாட்டேன் என்றேன். “எடுக்கறதுக்கா இவ்ளோ நாளு வச்சன்,” என்றாள். அவர் எப்போது செத்தார் என்று கேட்பார்களே? ஆவணி மாசம், மழையில, என்று சொல்லிக்கொள்வாளாம். யாராவது மேலே கேட்டால் மேலே பேசுவது என் வேலையாம்.

அச்சகத்துக்காரருக்குச் செய்தி அனுப்பினேன். ‘தெய்வத்திரு போடவும்.’ கட்டைவிரல் படம் ஒன்று பதிலாக வந்தது.

டிசம்பர் 8, ஞாயிறு

பத்திரிகை வந்துவிட்டது. மஞ்சள் சிவப்பு, வழக்கமான பிள்ளையார். ‘தெய்வத்திரு ஏழுமலை – திருமதி அஞ்சலை ஆகியோரின் செல்வப் புதல்வி.’ தயாளன் எழுத்துப்பிழை தேடினான். மாமா இரண்டு முறை படித்துவிட்டு அம்மாவைப் பார்த்தார். நேராகப் போய் மோர் குடித்தார்.

நான்கு மூலையிலும் மஞ்சள் தடவி முதல் பத்திரிகையை அம்மா என் பக்கம் நகர்த்தினாள். முதலாவது குலதெய்வத்துக்கு என்று மாமா சொன்னதை அவள் காதில் வாங்கவில்லை. சோன்காட் முகவரியைச் சொன்னாள். உறையின் மேல் யார் பெயர் எழுதுவது என்று எனக்குக் குழப்பம். அந்தத் துறையில் அவர் ஏழுமலை. உள்ளே அதே பெயருக்கு முன்னால் தெய்வத்திரு.

சுக்வதி பெயருக்கே அனுப்பிவிடலாமா என்றேன்.

“அவன் பேருக்கு ஒரு தபால் வந்து எத்தினி வருசம் ஆச்சி,” என்றாள் அம்மா.

தபால்காரர் ஒன்றும் நினைக்க மாட்டார். விஷயம் தெரியாத யாரோ செத்தவருக்கு அனுப்பியிருக்கிறார்கள் என்று அந்த வீட்டு விதவையிடம் கொடுத்துவிட்டுப் போவார்.

இந்தி எழுத்தைப் போனில் பார்த்து, கோடு கோடாக வரைந்தேன். இரண்டு உறை பாழானது. மூன்றாவதில் சரியாக வந்தது. கீழே சுக்வதியின் குவார்ட்டர்ஸ் எண்.

திரு ராம்தாஸ் அவர்கள்.